பனிச்சதுரம் காத்த படலம்

வாழி! வடபுலத்துக் கைனூ நாட்டில், கதிரவன் காலைக் காப்பிக்குப் பின்னே எழுந்து மாலைக் காப்பிக்கு முன்னே படுக்கப் போய்விடும் கடுங்குளிர்ப் பருவத்தில், கம்பளிமேல் கம்பளி பூண்டு, மூக்கின் நுனி மட்டும் உலகுக்குத் தரிசனம் தர, அலுமினியப் பனிவாரியை வலத்தோளில் சார்த்தி, காப்பிக் குடுவையை இடக்கக்கத்தில் இடுக்கி, ஊசியிலைக் காட்டினுள் ஒற்றை ஆளாய்ப் புகுந்த வீராங்கனை சைமி கெம்பைனென் வாழி! அவள் வாரிக் குவித்த பனி வாழி! அவள் வாராமல் விட்டுவைத்த பனி அதனினும் வாழி! அப்படி விட்டுவைத்த பனியின் பொருட்டு எழுந்த பெரும்போரையே இங்கே பாடப் புகுகிறேன். அப்போரில் குருதி ஒரு சொட்டும் சிந்தவில்லை. காப்பி கொஞ்சம் சிந்தியது.

பாடப் புகுவோர் தெய்வம் தொழுது தொடங்க வேண்டும். முஸ்தாலா ஊரில் எச்செயலுக்கும் முன்னே எழுந்தருள்வது அடுப்பின்மேல் கரிபிடித்து வீற்றிருக்கும் காப்பிக் கெண்டி. பிறப்புக்கும் அதுவே முன்னிற்கும், இறப்புக்கும் அதுவே முன்னிற்கும், டிராக்டருக்குச் சக்கரம் மாற்றினாலும் அதுவே முன்னிற்கும். நெடுமூக்கும் குறுங்கழுத்தும் உடைய அந்தக் கெண்டியை வணங்கி, என் நாவில் நின்று நடத்துக என வேண்டுகிறேன். இங்கே நெடுங்காலம் வாழ்ந்த பழக்கத்தில், வேறு எதை வணங்குவது என்று எனக்கு மறந்துவிட்டது.

அடுத்து நாட்டுச் சிறப்பு. மரம் உண்டு. மரத்துக்குப் பின்னே மரம் உண்டு. அதற்குப் பின்னே ஓர் ஏரியும், ஏரிக்கு அப்பால், ஆளை ஏமாற்றாமல், மீண்டும் மரமும் உண்டு. செல்வத்தில் குறைவில்லை, பஞ்சம் பேச்சுக்குத்தான். இந்நாட்டார் ஒரு சொல்லைச் செலவிடுமுன் நெடுநேரம் யோசிப்பர். யோசித்து முடித்ததும் அதையும் மிச்சம் பிடித்துவிடுவர். இருவர் ஒரு மணி நேரம் வாயே திறவாமல் அருகருகே அமர்ந்திருந்தால், அவர்களுக்குள் பகை என்று வெளியூரான் நினைப்பான். அவர்கள் நெருங்கிய நண்பர்கள்.

இனிப் படைச் சிறப்பு. தேர், களிறு, பரி, காலாள் என்று நால்வகைப் படையைப் பாடிய தமிழ் நாவால், சருகுக்கு அடியில் வாழும் நால்வகைப் படையைப் பாடுகிறேன். முன்னணியில் துள்ளுவாலிகள்: எள்ளினும் சிறிய உடம்பு, வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்த வால், அந்த வாலைப் பட்டென விசிறி விண்ணில் எகிறும் பரிப்படை. எங்கே போய் விழுவோம் என்று தமக்கே தெரியாமல் குதிப்பது அவற்றின் போர்த்தந்திரம். அடுத்து மண்ணுண்ணிகள்: குண்டூசித் தலையளவே ஆயினும் பழுப்புக் கவசம் பூண்டு, அவசரம் என்ற சொல்லையே அறியாது, அழுகிய இலையை மென்றபடி அசைந்து வரும் களிற்றுப்படை. மூன்றாவது, இழை என்னும் தேரேறி இறங்கும் சிலந்திப்படை. நான்காவது, வண்டும் பூரானும் கலந்த காலாட்படை. பூரான் ஒன்றுக்கே அத்தனை கால் இருப்பதால் படைக்கணக்கில் எப்போதும் தகராறு. இவற்றுக்கு நடுவே, இடுக்கிக் கை இருந்தும் வாலற்ற பொய்த்தேளார், கட்சி மாறுவதற்கு நாள் பார்க்கும் அமைச்சரைப் போல, எந்தப் பக்கமும் சேராமல் பின்னோக்கியே நடந்துகொண்டிருப்பார். காட்டில் உதிரும் இலையை எல்லாம் தின்று மண்ணாக்குவது இப்படையின் வேலை. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது.

இப்படைக்கு ஒரு கோட்டை உண்டு. அதுதான் பனி. மேலே காற்று கண்ணிமையை ஒட்டவைக்கும் குளிரில் ஊளையிட, முழங்கால் ஆழப் பனிக்கு அடியில் சருகும் பாசியும் கம்பளிக்குள் கிடக்கும் பிள்ளையைப் போல் கதகதப்பாகக் கிடக்கும். அங்கே துள்ளுவாலி உலவும், சிலந்தி வேட்டையாடும். கோட்டை இல்லாவிட்டாலோ குளிர் நேரே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஈரமண் கல்லாகும், படை மாளும். இதில்தான் விதியின் குறும்பு இருக்கிறது. உலகம் சூடாகச் சூடாகப் பனி குறைகிறது. பனி குறையக் குறைய மண் குளிர்கிறது. வெயில் கூடியதால் விறைத்துச் சாவது என்பது துள்ளுவாலிக்கு மட்டுமே வாய்த்த பெருமை.

இந்தக் குறும்பின் கணக்கை அறியவே பல்கலைக்கழகம் ஒன்று சைமியை அனுப்பியது. ஐம்பதை நெருங்கியவள், கண்ணாடிக்காரி, துள்ளுவாலியில் ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து முதுகு மயிரைப் பார்த்தே பிரிக்க வல்லவள், ஆனால் உடன் வேலை செய்பவர்களின் பெயரை மாற்றிச் சொல்லுவாள். அவள் காட்டுத் தரையில் சதுரங்கள் வகுத்தாள். பாதிச் சதுரங்களில் ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பின்னும் பனியை வாரிக் கொட்டினாள். அவை வரப்போகும் குளிர்காலங்கள். மறுபாதியைத் தொடாமல் விட்டாள். அவை இருந்த குளிர்காலங்கள். நான்கு குளிர்காலம் இப்படியே காத்து, நான்காம் வசந்தத்தில் இரண்டு பக்கத்து மண்ணையும் தோண்டி, எப்பக்கத்தில் எத்தனை உயிர் மிஞ்சின என எண்ணுவது ஏற்பாடு. பனி வாராத சதுரங்களில் மூன்றேனும் பழுதின்றி நின்றால்தான் ஒப்பிட முடியும். இது நான்காம் குளிர்காலம். இது போனால் எல்லாம் போயிற்று. பல்கலைக்கழகம் இன்னொரு முறை அவளை அனுப்பப்போவதும் இல்லை.

ஊரார் இதை எப்படிப் போற்றினார்கள் என்றால், கடைக்காரர் முதல்நாளே போற்றினார்.

"ஏம்மா, காட்டுல பனி வாரறியாமே. அங்க கார் நிறுத்தப் போறியா?"

"இல்ல, பூச்சிக்காக."

"பூச்சி கார் நிறுத்தப் போகுதா?"

அதற்குமேல் ஊரில் எவரும் கேட்கவில்லை. கைனூ நாட்டில் ஒருத்தி கவர்மெண்டுச் சம்பளத்தில் பைத்தியமாக இருந்தால் அது அவள் சொந்த விஷயம்.

இனி எதிர்த்தலைவனைப் பாடுக, கெண்டியே! தைஸ்தோ ஹூஸ்கோ! சைமி தங்கியிருந்த மரக்குடிலின் சொந்தக்காரர். அதே முற்றத்துப் பெரிய வீட்டில் மனைவி லெம்பியோடு வாழ்பவர். பனிவாரும் லாரியை வாழ்நாளெல்லாம் ஓட்டி, ஊரடங்கிக் கிடக்கும் விடியலில் சாலையைத் துடைத்து வைத்து, பால்வண்டிக்கும் பள்ளி வண்டிக்கும் வழிவிட்ட பெருமகன். இலையுதிர் காலத்தில் அந்நாட்டார் ஒவ்வொருவரும் தத்தம் முற்றத்து ஓரங்களில் ஆளுயர ஆரஞ்சு நிறக் குச்சிகளை நட்டு வைப்பர். பனி மூடியபின் எது வழி, எது பூம்பாத்தி எனத் தெரியாதல்லவா? குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே உள்ளதை வாரு என்பது அதன் பொருள். தைஸ்தோவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் அவர் மனம் தோய்ந்து படித்த மொழி குச்சிமொழி ஒன்றே. வயதாயிற்று என்று சென்ற ஆண்டு அவரிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர் ஜன்னலோரம் அமர்ந்து, பிறர் பனி வாரும் அழகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது நம் வீராங்கனை செய்த பிழையைக் கேளுங்கள். மூன்று குளிர்காலம் அவள் தன் பனிகாக்கும் சதுரங்களின் மூலைகளில் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். அதைக் கடமான் தின்றுவிட்டது; ஏன் தின்றது என்பது கடமானுக்கே வெளிச்சம். நான்காம் ஆண்டு, எவரும் இதில் கால் வைக்கக் கூடாது என்று தூரத்திலேயே தெரியட்டும் என, ஆரஞ்சுக் குச்சிகளை வாங்கி, பனி வாரக்கூடாத சதுரங்களின் மூலைதோறும் நட்டாள். வாரவேண்டிய சதுரங்களை வெறுமனே விட்டாள். கைனூவில் பிறந்து கைனூவில் வளர்ந்தவள்! படித்துப் படித்துத் துள்ளுவாலியின் முதுகு மயிருக்குள் புகுந்துவிட்டதால், தன் முற்றத்துக் குச்சியின் பொருளை மறந்தாள்.

ஜன்னலோரத்துத் தைஸ்தோ பனிச்சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு ஒருநாள் காட்டுப்பக்கம் போனார். கண்டார். சில சதுரங்கள் துப்புரவாக வாரியிருக்கின்றன. ஆனால் குச்சி நட்ட சதுரங்களோ, ஐயகோ, வாரப்படாமல் கிடக்கின்றன! பாவம், ஒண்டிப் பெண்பிள்ளை, முடியாமல் பாதியில் விட்டிருக்கிறாள் என்று அவர் நெஞ்சு நெகிழ்ந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் வெட்கப்படுவாள். சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். அது தற்பெருமை. ஆகவே அந்நாட்டு நல்லோர் செய்வதையே அவரும் செய்தார்: யாரிடமும் மூச்சுவிடாமல், இருள் பிரியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டி, தன் வாழ்நாள் வித்தையெல்லாம் பனிவாரியின் விளிம்பில் இறக்கி, பாதையோரச் சதுரம் ஒன்றைப் பாசி தெரிய வாரித் துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தார்.

சைமி வந்து பார்த்தாள். பனிகாத்த சதுரம் மொட்டை அடிக்கப்பட்டுக் கிடந்தது. காற்று அடித்துப் போயிற்றோ? காற்று ஓரங்களை நூல் பிடித்தாற்போல் வெட்டாது. கடமான் உருண்டதோ? கடமான் எடுத்த பனியைப் பக்கத்தில் அழகாகக் குவித்து, மேலே தட்டிச் சமன்செய்துவிட்டுப் போகாது. பிற பல்கலைக்கழகத்தார் சதியோ? துள்ளுவாலிக்காகச் சதி செய்யும் அளவுக்குத் துள்ளுவாலி ஆராய்ச்சியில் ஆள் இல்லை. அடுத்த பனிப்பொழிவுக்குப் பின் இன்னொரு சதுரம் போயிற்று. அதற்கடுத்து, ஒரே காலையில் இரண்டு. பனியும் அவ்வாண்டு கஞ்சத்தனமாகவே பெய்தது, கெண்டைக்காலுக்குமேல் ஏறவில்லை. கோட்டைமேல் கோட்டையாக வீழ்ந்துகொண்டிருந்தது, எதிரியின் முகமோ தெரியவில்லை.

அதுகண்டு பொங்கினாள் சைமி! பிறை மங்கி மரநிழலெல்லாம் நீலமாய் உறைந்து கிடந்த விடியலில், பனிவாரியைக் குந்தமெனப் பற்றி, முதிர்ந்த மரமொன்றின் பின்னே பதுங்கி, பல் தந்தியடிக்க, கால்விரல் எங்கே இருக்கிறது என்பதே நினைவில்லாமல், பகைவன் வரவு பார்த்து நின்றாள். வந்தான் பகைவன்! உதைத்து ஓட்டும் சறுக்குநாற்காலியில், நெற்றிக்கண்ணில் ஒளி பிழிய, ஆட்டுத்தோல் தொப்பியின் காதுமடல் இரண்டும் யானைக்காதென அசைய, மெல்ல விசிலடித்தபடி வந்தான். அவள் மரத்தை விட்டு வெளிப்பட்டாள். இருவர் கண்ணும் சந்தித்தன. காடு மூச்சடக்கியது.

'அடா, பனித்திருடா! நான்காண்டு யான் காத்த நெடும்பனியை நீயோ கவர்ந்தாய்? துள்ளுவாலி குலத்துக்கு என்ன மறுமொழி கூறுவாய்? எடு படையை!' என்று அவள் முழங்கியிருக்க வேண்டும். 'பெண்ணே, கைவண்ணம் காட்டக் கருதி வந்தேன். குச்சி நட்ட களத்தில் பனியைக் கண்டு பொறுக்குமோ ஹூஸ்கோ குலம்?' என்று அவர் மீசை முறுக்கியிருக்க வேண்டும். நடந்தது இது:

"எழுந்துட்டியா" என்றார் தைஸ்தோ.

"ம்."

"குளிரு."

"ஆமா."

அவர் பனிவாரியை எடுத்துச் சதுரத்தில் இறங்கினார். எழுபதைக் கடந்த உடம்பு. முதுகு வளையும் அழகைப் பார்த்தால் முப்பது. முதல் வாரு வாரிவிட்டு, அவளைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு, "மிச்சத்தையும் முடிச்சுடறேன், நீ கவலைப்படாத" என்றார். இவ்வளவு நீளமான வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து மாதக் கணக்காயிற்று. சைமிக்கு உண்மை பளிச்செனப் புரிந்தது, குச்சி புரிந்தது, கோட்டைகள் வீழ்ந்த காரணம் புரிந்தது. வாயைத் திறந்தாள். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, சிறுவயதில் தாய் சொல்லிக்கொடுத்து எலும்பில் ஊறிப்போன சொல், அவளைக் கேளாமலே வெளியே வந்துவிட்டது.

"நன்றி" என்றாள்.

கேட்டீர்களா கொடுமையை! வில்லில் நாணேற்றி அம்பைத் தன் காலிலேயே விட்டுக்கொண்டாள். அந்நாட்டில் ஒருமுறை நன்றி சொன்ன உதவியை இடையில் நிறுத்தச் சொல்வது, விருந்தில் வாய்வைத்த பண்டத்தைத் தட்டிலேயே துப்புவதற்குச் சமம். அதன்பின் அவர் இரட்டை ஊக்கத்தோடு வாரினார். அவளோ பக்கத்தில் நின்று, தன் சதுரம் தன் கண்ணெதிரே மொட்டையாவதைப் பார்த்து, அவர் நீட்டிய காப்பியையும் வாங்கிக் குடித்தாள். கொஞ்சம் கீழே சிந்திற்று. முன்னே சொன்னேனே, அந்தக் காப்பிதான்.

மறுநாள் பனி பெய்யவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எஞ்சியவை சதுப்புக்கு அப்பாலுள்ள மூன்றே சதுரங்கள். இன்னொரு பனிப்பொழிவு வந்தால் அவையும் தைஸ்தோவின் அன்புக்கு இரையாகும். பனி வேண்டி நான்காண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தவள் இப்போது பனி வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். குச்சிகளைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தாள். நன்றி சொல்லிவிட்டுக் குச்சியைப் பிடுங்குவதா? சதுரங்களைச் சுற்றி வேலி கட்டலாமா? யாருக்கு எதிராக என்று அவர் கேட்டால்? அவர் கேட்க மாட்டார் என்பதுதான் இன்னும் மோசம்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குப் போகாதவரை அந்த ஊரார் நோயாளி என்றோ நாத்திகர் என்றோ எண்ணுவர். பெண்களின் முறை வந்தபோது லெம்பியும் சைமியும் மேல்பலகையில் அமர்ந்து வியர்த்தார்கள். லெம்பி பக்கத்து மாவட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே மக்கள் பேசுவார்கள்.

"இந்த மனுஷன் லாரியை விட்டதுல இருந்து ஜன்னல்லயே ஒட்டிக்கிட்டு கிடந்தாரு. திரைச்சீலை மாதிரி. நானே ரெண்டு தடவை இழுத்து மூடப் பாத்தேன். இப்ப பாரு! காலையில விசிலடிச்சிக்கிட்டு பூட்ஸ் மாட்றாரு. எங்க போறாருன்னு கேட்டா சும்மாங்கறாரு. வேற பொம்பளையா இருக்குமோன்னு பாத்தா, இந்த ஊர்ல பொம்பளையே இல்ல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தண்ணி ஊத்துங்க" என்றாள் சைமி. லெம்பி சூடான கற்களின்மேல் தண்ணீர் விட்டாள். சீறி எழுந்த ஆவியில் இருவர் முகமும் மறைந்தன. அழுவதற்கு அதைவிடத் தோதான இடம் அந்நாட்டில் இல்லை. சைமி கொஞ்சம் அழுதாள்.

குளியலுக்குப் பின் காப்பி. மேசையில் ஏலக்காய் மணக்கும் பன்னும் பாலாடைக் கட்டியும் பரப்பியிருந்தன. தைஸ்தோ சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையே வைத்துக்கொண்டு காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினார். இங்கே, கேட்போரே, நம் வீராங்கனை தன் வாழ்வின் மாபெரும் வீரச்செயலைப் புரிந்தாள். மதங்கொண்ட களிற்றைத் தனியே எதிர்த்தவர் உண்டு. தீயில் குதித்தவர் உண்டு. ஆனால் கைனூ நாட்டில், குளித்து முடித்த சனிக்கிழமை மாலையில், பிறர் வீட்டு மேசையில் அமர்ந்து, பிறர் பன்னைத் தின்றபடி, அவர் செய்த உதவி தொல்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் அவளுக்கு முன் எவரும் இல்லை.

"குச்சி வச்ச இடத்துல பனி இருக்கணும்" என்றாள்.

தைஸ்தோ உறிஞ்சுவதை நிறுத்தினார். சுவர்க்கடிகாரம் ஓடிற்று.

"குச்சி வச்சா வாரணும்" என்றார்.

"தெரியும்."

"அதுக்குத்தான் குச்சி."

"தெரியும்."

"அப்ப ஏன் வச்ச?"

சைமி தலை குனிந்தாள். "தள்ளுபடியில கிடைச்சுது."

லெம்பி சிரித்த சிரிப்பில் கெண்டியின் மூடி ஆடிற்று. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எழுந்து போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்குத்தான் ரெண்டு பேரும் விடியக்காலம் காட்டுல சுத்தினீங்களா? ஒருத்தர் எடுக்க, ஒருத்தி அழ! வாய் எதுக்கு இருக்கு, பன்னு திங்கவா?"

தைஸ்தோ சிரிக்கவில்லை. "எத்தனை மிச்சம்?" என்றார்.

"மூணு. சதுப்புக்கு அந்தாண்ட."

"அதை அடுத்து வாரலாம்னு இருந்தேன்."

"வேணாம்."

"சரி." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அதுல என்ன இருக்கு?" என்றார்.

சைமி பேசினாள். யாரும் இதுவரை அவளிடம் கேட்டதில்லை. துள்ளுவாலியைச் சொன்னாள், மண்ணுண்ணியைச் சொன்னாள், பின்னோக்கி நடக்கும் பொய்த்தேளைச் சொன்னாள், போர்வை போனால் மண் எப்படிக் கல்லாகும் என்பதைச் சொன்னாள். காப்பி ஆறிப்போயிற்று. தைஸ்தோ கேட்டு முடித்து, "நான் போர்வையை உருவிட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

அன்றுமுதல் மாறியது போரின் முகம்! பகையரசர் இருவரும் ஒரு கொடியின் கீழ் நின்றனர். குச்சிகளை எல்லாம் பிடுங்கி விறகுக்கொட்டகையில் போட்டார் தைஸ்தோ. சறுக்குநாற்காலியைச் சதுப்பின் கரையில் நிறுத்தி, அதன்மேல் ஆட்டுத்தோல் விரித்து, மூன்று சதுரங்களின் காவல் தெய்வமென அமர்ந்தார். வெண்முயல் ஒன்று எட்டிப் பார்த்தது. பூட்ஸ் காலைத் தட்டி விரட்டினார். சறுக்குக் கட்டையில் வந்த கடைக்காரர் குறுக்கே போக முயன்றார். "சுத்திப் போ" என்ற ஒற்றைப் பாணத்தால் அவரைத் தடுத்தார். "என்ன இருக்கு அங்க?" என்று கேட்டவருக்கு, "ஆளுங்க இருக்காங்க" என்றார். கடைக்காரர் ஊருக்குத் திரும்பி, ஹூஸ்கோவுக்கும் பைத்தியம் தொற்றிவிட்டது என்று அறிவித்தார்.

அப்போது எழுந்தான் இருவருக்கும் பொதுவான பெரும்பகைவன். படையில்லை, பனிவாரியில்லை, முகமும் இல்லை. தை மாதம் பாதியில், கடுங்குளிர் கொலுவிருக்க வேண்டிய நாட்களில், தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று கிளம்பி, கிளைகளில் இருந்த பனியை எல்லாம் பொத்துப் பொத்தென உதிர்த்தது. பிறகு மழை. ஆம், மழை! ஏரியின் பனித்தளத்தின்மேல் தண்ணீர் தேங்கி நின்றது. வானொலிக்காரன் அலுப்புக் குரலில், மழை விட்டதும் கடுங்குளிர் திரும்பும் என்றான். அதன் பொருள் அந்த வீட்டில் மூவருக்கும் இப்போது தெரியும். நனைந்த வெறுமண், அதன்மேல் இறங்கும் கடுங்குளிர். போர்வையில்லாத படை ஒரே இரவில் மாளும்.

எழுந்தனர் மூவரும்! படகை மூடும் தார்ப்பாயைக் கேடயமெனச் சுருட்டித் தோளில் ஏற்றினார் தைஸ்தோ. விறகு மூடும் பச்சைப் பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள் சைமி. விருந்துநாளில் மட்டும் விரிக்கும் பூப்போட்ட மெழுகுத் துணியை மேசையிலிருந்து உருவிக்கொண்டு, கெண்டியையும் பன்னையும் தரையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒரு சதுரம் விடுங்க" என்று கூவியபடி பின்தொடர்ந்தாள் லெம்பி. மூடிய பனி தொடாத பனி ஆகாது என்பதும், மூடிவிட்டால் கணக்கில் அது ஏறாது என்பதும் சைமிக்கு நன்றாகத் தெரியும். வழிநெடுகத் தெரிந்தது. ஆனாலும் ஓடினாள், கணக்கை அவள் அப்போது மறந்துவிட்டாள்.

ஓ கெண்டியே, உன் மூக்கிலிருந்து எனக்கு வார்த்தை ஊற்று! மூன்று சதுரம், மூன்று வீரர். ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில், மழையின் அம்புகள் முதுகில் பாய, துணியின் மூலைகளை மரத்தில் கட்ட முயன்று, கட்டிய முடிச்சைக் காற்று அவிழ்க்க, அவிழ்ந்த மூலையைக் கையால் பற்றி, கை மரத்துப்போகவே பல்லால் பற்றி, இரு காலையும் அகட்டி ஊன்றி, குடை பிடித்தவரே குடையாக மாறி நின்றனர். தைஸ்தோவின் தார்ப்பாயைக் காற்று பாய்மரமாக ஊதி அவரை அப்படியே சதுப்பின் விளிம்புவரை இழுத்துச் சென்றது. லாரி ஓட்டிப் பழகிய தோள்களால் அவர் அதை மீண்டும் இழுத்து வந்தார். லெம்பியின் பூத்துணியில் தேங்கிய நீர் ஒரு குளம்போல் தொங்கி, தாங்காமல் அவள் தலையிலேயே கவிழ்ந்தது. அவள் கைனூவில் எவரும் இதுவரை கேட்டிராத சொற்களை வானத்தை நோக்கி வீசினாள்.

"இன்னும் இருக்கா?" என்று கத்தினார் தைஸ்தோ.

"இருக்கு!" என்றாள் சைமி.

"எனக்கும் இருக்கு!" என்றாள் லெம்பி. "ஓரம் போயிடுச்சு, நடுவுல இருக்கு!"

"விடாத!"

"நான் விடல! நீங்க விடாதீங்க!"

கணவனும் மனைவியும் அத்தனை ஆண்டில் அத்தனை சத்தமாக ஒருவரோடொருவர் பேசியதில்லை. மேலே பாய் காத்தது, ஆனால் பக்கவாட்டில் வெதுவெதுப்பான காற்று நுழைந்தது; கீழே, பாசியின் ஊடாக, மேட்டிலிருந்து நீர் சின்னச் சின்ன ஓடையாகப் புகுந்தது. சைமி மண்டியிட்டு, தன் உடம்பாலேயே காற்றை மறைத்து, தன் சதுரத்தின் நடுவில் எஞ்சியிருந்த வெண்திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பில், நனைந்த சருகின்மேல், ஒரு துள்ளுவாலி வந்து நின்று, வாலை விசிறி, எங்கே விழுவோம் என்று தெரியாமல் குதித்தது. 'அஞ்சாதே, படைத்தலைவா, நாங்கள் மூவரும் இருக்கிறோம், வான் இடியினும் இப்பாய் சாயாது, கடல் பொங்கினும் இக்கை தளராது, உன் குலம் வாழும்வரை முஸ்தாலா உறங்காது' என்று அவள் உள்ளம் முழங்க, அங்கே தைஸ்தோ பாயின் இரு மூலைகளையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கி, தன் வாழ்நாளில் வாரிய பனியையெல்லாம் ஒருசேரத் திருப்பிக் கொடுப்பவர்போல் அசையாமல் நிற்க, லெம்பி பூத்துணிக்கு அடியில் குனிந்து கைப்பிடிப் பனியை அள்ளி அள்ளி நடுவில் குவித்துத் தட்ட, மழை இன்னும் ஒரு சுற்று வலுத்து வந்தது.

மத்தியானத்துக்குள் பனி எல்லாம் கரைந்துவிட்டது.